சரவெடி டப்பாவில் சிரிக்காத நாலு பேர்

அந்த யோசனை எனக்குத் தோன்றிய நேரத்தில், பெரியகருப்பன் அண்ணன் இரண்டு சாமிகளையும் மூன்று நடிகர்களையும் ஒரு குழந்தையையும் வேண்டாமென்று தள்ளி முடித்திருந்தார். இடம், சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தின் கிராபிக்ஸ் அறை. வெளியே ஆனி மாத வெயில். உள்ளே கம்ப்யூட்டர்களுக்காகப் போட்ட ஏசியில் மனிதர்களும் ஒட்டிக்கொண்டு பிழைத்தோம். அண்ணன் வெம்பக்கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு வெடிக் கம்பெனி தொடங்கியிருந்தார். அதுவரை அடுத்தவர் கம்பெனியில் சரம் பின்னியவர். லைசென்ஸுக்காகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு நடந்ததில் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்துபோனது என்பார். முதல் சீசன், ஒரே சரக்கு, சரவெடி. அதன் டப்பாவுக்கு லேபிள் வேண்டும்.

“சாமி படம் வேண்டாம் தம்பி. வெடிச்சுக் கெடக்கிற தாளை ஊரே மிதிக்கும். பாவம் நம்ம தலையில.”

“நடிகர் படம்?”

“அவரு ரசிகன் வாங்குவான். அடுத்தவன் ரசிகன் காறித் துப்புவான்.”

“அப்ப குழந்தை?”

“ரோசாப்பூ வச்ச அந்தக் குழந்தையை எட்டுக் கம்பெனிக்காரன் போட்டிருக்கான். அது வளந்து கல்லூரிக்கே போயிருக்கும். எவனும் வந்து ‘இது எம் மூஞ்சி’ன்னு சண்டைக்கு நிக்காத மூஞ்சியாப் பாத்துப் போடு.”

சண்டைக்கு வராத மூஞ்சி. என் பையில், ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த படத்தில், அப்படி நாலு இருந்தது. வட இங்கிலாந்தில் மழை விடாத ஏதோ ஒரு ஆலை நகரத்தின் சுவரோரம், கறுப்புக் கோட்டு போட்டு, உலகமே தங்களுக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல் நிற்கிற நாலு பேர். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏசி அல்ல காரணம்.

இதை எழுதுகிறவன் போன வாரம் ஓய்வு பெற்றவன். வயது இருபத்தொன்பது. சிரிக்க வேண்டாம், எங்கள் தொழிலில் மென்பொருள் மூன்று தடவை மாறினால் ஆள் கிழம். ஃபிலிமே எடுக்காமல் நேராகப் பிளேட்டில் இறக்கும் மிஷின் அச்சகத்துக்கு வந்தது. கூடவே, நான் ஒரு நாளில் முடிப்பதை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிக்கிற இரண்டு புதுப் பையன்களும் வந்தார்கள். எனக்குச் சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். கடிகாரத்தின் நடுவில் அச்சகத்தின் பெயர். வடிவமைத்தது நான்தான். விழாவில் அந்தப் பையன்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். “அண்ணே, ஊர்ல பாதி சர டப்பாவுல நிக்காகளே, அந்த நாலு வெள்ளைக்காரக யாரு?”

யாரென்று சொல்கிறேன். பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். வக்கீல் நோட்டீஸ் கடல் தாண்டி வராது என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

என் அம்மா வீட்டில் வைத்து வெடிக்குக் குழாய் உருட்டுகிறவர். குழாய்க்கான தாள், கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கும் வெளிநாட்டுக் கழிவுத் தாள். லண்டனில் ஒருவர் படித்துவிட்டுப் போட்ட பத்திரிகை, எங்கள் வீட்டுக்குக் கட்டுக் கட்டாக வந்து, துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, தீபாவளியன்று யாருடைய வாசலிலோ வெடித்தது. வெட்டுப்படுவதற்கு முன்னால் நான் படித்துவிடுவேன். அதில் பாட்டுக் குழுக்களைப் பற்றிய பக்கங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன; அந்த நாலு பேரும் அதில் வந்த ஒரு குழுதான். கிடாரை வைத்துக்கொண்டு தன் செருப்பையே பார்க்கிறவர்கள், புகழ் வந்துவிட்டதே என்று அழுகிறவர்கள், மேடையிலேயே அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகள். அண்ணன் தம்பி கதையை அம்மாவிடம் சொன்னேன். “பங்காளிச் சண்டைக்கு இம்புட்டுப் பெரிய படமா?” என்றார்.

ஆனாலும் அம்மாதான் எனக்கு நூலகர். அவருக்கு எழுத்துத் தெரியாது. கிடார் படம் இருந்தால் தனியே எடுத்து வைப்பார். “ஏலே முனீசு, ஒன் வெள்ளைக்காரன் வந்திருக்கான்” என்பார். போய்ப் பார்த்தால் சில சமயம் புல்வெட்டும் மிஷின் விளம்பரமாக இருக்கும். நேர்காணலின் முதல் பாதி கிடைத்தால் பிற்பாதி எங்கோ வெடித்திருக்கும். ‘இந்த ஆல்பத்தின் மாபெரும் குறை என்னவென்றால்’ என்பதோடு ஒரு விமர்சனம் அறுந்தது. குறை தெரியாததால் குறையில்லாத ஆல்பம் என்றே இரண்டு வருடம் வாதாடினேன். யாரிடம் என்று கேட்கக் கூடாது. விருதுநகர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்களிடம்.

கவனியுங்கள். இந்த இரண்டு வருடமும் நான் ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை. படித்தே ரசிகனானேன். அப்புறம் விருதுநகரில் பிரவுசிங் சென்டர் வந்தது. அந்த நாலு பேரின் பாட்டு ஒன்றை இறக்க ஒரு முழு மத்தியானம் ஆனது. முக்கால்வாசி வந்தபோது கரண்டு போய்விட்டது. கரண்டு திரும்பியதும், இறங்கியவரைக்கும் சிடியில் ஏற்றிக்கொண்டு போனேன். பாடகர் ஒரு வரியின் நடுவில் சட்டென்று நின்றுபோவார். என்ன துணிச்சலான முடிவு என்று புல்லரித்தேன். இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதி வைத்திருந்தேன். முழுப் பாட்டையும் பின்னாளில் கேட்டபோது கடைசிக் கால்வாசி எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் கரண்டு போன இடத்தில்தான் நிறுத்திவிடுவேன்.

தொழில் கற்ற கதையில் சொல்ல ஒன்றுமில்லை. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன், அச்சகத்தில் சேர்ந்தேன், ஆறு மாதம் நடிகர்களின் தலைமுடியைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்தேன். சொல்ல வேண்டியது தவமணி அண்ணாச்சியைப் பற்றி.

அண்ணாச்சி எங்கள் பிரிவின் தலை. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் ஒரு லென்சும் பச்சை மைப் பேனாவும் இருக்கும். புரூஃபைக் கொண்டுபோய் நீட்டினால் உடனே பார்க்க மாட்டார். மேசையில் தலைகீழாக வைப்பார். கடையில் டப்பாவை எவனும் நேராக அடுக்க மாட்டான், தலைகீழாகப் பார்த்தாலும் வாங்கத் தோன்ற வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்புறம் பத்தடி தள்ளிப் போய் நின்று பார்ப்பார். அப்புறம்தான் லென்ஸ். நாலு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஓரத்துக் குறிகளைப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு” என்பார். அவர் அகராதியில் அதற்கு, முதலிலிருந்து செய் என்று பொருள். “மஞ்சள ஏத்து” என்றால் பிடித்திருக்கிறது. பேசாமல் பச்சைக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. லேபிளில் மூஞ்சி இருந்தால் பல் தெரிய வேண்டும். “வெடி வாங்குறவன் சந்தோசத்துக்கு வாங்குறான். அவன் கைக்குப் போற டப்பா அவனுக்கு முன்னால சிரிக்கணும்லே.” புலி படம் போட்டாலும் பல் தெரிய வேண்டும். ஒரு தடவை தாமரைப்பூ லேபிளையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மனமில்லாமல்தான் கையெழுத்துப் போட்டார். இதில் வேடிக்கை, அண்ணாச்சி சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவருக்குப் பல் இருக்கிறதா என்பது கிராபிக்ஸ் அறையில் நிரூபிக்கப்படாத விஷயம்.

இப்போது என் நாலு பேருக்கு வருகிறேன். அச்சான படத்தை ஸ்கேன் செய்தால் புள்ளிகள் அலையடிக்கும். அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கோட்டின் கறுப்பில் நீலம் கொஞ்சம் கலந்தேன். மழை ஊர்க் கறுப்பு இல்லையா? சுவருக்குப் பின்னால் சரம் வெடிக்கிற பொறிகளை வைத்தேன். பாடகரின் பார்வை நேராக வாங்குகிறவனைத் துளைத்தது. அண்ணாச்சி தலைகீழாகப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். லென்ஸை எடுக்கவே இல்லை.

“யாரு வீட்டுப் பிள்ளைகடா இதுக?”

“பாட்டுக்காரக அண்ணாச்சி. இங்கிலாந்து. வித்தியாசமா இருக்கட்டும்னு...”

“பல்லு?”

“இவுக சிரிக்க மாட்டாக. அதுதான் இவுகளோட கொள்கை.”

“பல்லு வையி.”

வைத்தேன். எங்களிடம் பல்லுக்கென்றே ஒரு ஃபோல்டர் இருந்தது. அதிலிருந்து ஒரு நடிகரின் பல் வரிசையை எடுத்துப் பாடகரின் வாயில் பொருத்தினேன். மற்ற மூவருக்கும் அதையே சின்னதாக்கி. பற்பசை விற்க வந்த நாலு பேர்போல ஆனார்கள். “மஞ்சள ஏத்து” என்று சொல்லிவிட்டு, பல்லில் அல்ல, பொறியில் என்று விளக்கமும் கொடுத்து, அண்ணாச்சி பச்சைக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே குலதெய்வம் கும்பிடக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். மூன்று நாள் லீவு.

இனி நான் செய்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அச்சுக்கு ஃபிலிம் எடுக்கக் கொடுத்த சிடியில் பல் வைத்த படத்தைப் போடவில்லை. பல் வைக்காததைப் போட்டேன். கை தவறி அல்ல. துரோகம் செய்யாத ரசிகன் என்று அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நெஞ்சு விம்மிக்கொண்டு போனேன். பெரியகருப்பன் அண்ணன் நினைவே வரவில்லை.

லேபிள் கட்டுகளை வாங்க வந்த அண்ணன் ஒன்றை உருவிப் பார்த்தார். “யாருப்பா இவுக, உம்முன்னு இருக்காக?”

“வெள்ளைக்காரக சிரிக்க மாட்டாகண்ணே. அங்கெல்லாம் அதுதான் மரியாதை.”

“அப்படியா? படிச்ச பிள்ளை, நீ சொன்னாச் சரி” என்று டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அவரும் அவர் மனைவியும் மகள் முத்துலட்சுமியும் உட்கார்ந்து டப்பா டப்பாவாக ஒட்டினார்கள். ஆவணியில் வடக்கத்தி ஏஜென்ட் வந்தார். அந்த ஏஜென்ட் எடுத்தால்தான் அண்ணனுக்கு அடுத்த வருடம் கம்பெனி உண்டு. இல்லையென்றால் மறுபடியும் அடுத்தவர் கம்பெனியில் சரம் பின்னப் போக வேண்டியதுதான். ஏஜென்ட் டப்பாவைக் கையில் எடுத்தார். நாலு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தியில் ஏதோ கேட்டார். கூட வந்த புரோக்கர் மொழிபெயர்த்தார். “யாரு செத்துப்போனதுன்னு கேக்காரு.”

லோடு நின்றது. லாரியை வேறு கம்பெனிக்குத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் பெரியகருப்பன் அண்ணன் டப்பாவோடு அச்சகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அண்ணாச்சி மேசையில் டப்பாவை வைத்துவிட்டு நின்றார். அண்ணாச்சி அதைத் தலைகீழாகத் திருப்பவில்லை, தள்ளி நின்று பார்க்கவில்லை. எழுந்து போய்க் கோப்பிலிருந்து தான் கையெழுத்துப் போட்ட புரூஃபை எடுத்து வந்து டப்பாவின் பக்கத்தில் வைத்தார். பல் இருந்தது, பல் இல்லை. என்னைப் பார்த்தார்.

“மிஷின்ல தப்பா, மனுசன்ல தப்பா?”

“நாந்தான் அண்ணாச்சி மாத்துனேன்.”

“எதுக்கு?”

“அவுக சிரிச்சதே இல்ல அண்ணாச்சி. ஒரு படத்துலகூட.”

அண்ணாச்சி லென்ஸைத் துடைத்துப் பையில் வைத்தார்.

“சரி. ஒங்க ஆளு சிரிக்கக் கூடாது. பெரியகருப்பன் சிரிக்கலாமா, கூடாதா? அதையும் ஒன் பத்திரிகையில போட்டிருக்கானா?”

பிற்பாதி கிழிந்த எத்தனையோ நேர்காணல்களைப் படித்தவன் நான். இந்தக் கேள்வி எதிலும் வரவில்லை.

மறுபடி அச்சடிக்க மிஷின் கிடையாது. சீசன் உச்சம், எல்லா மிஷினிலும் ஆர்டர். வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று நினைத்தேன். அண்ணாச்சியின் தண்டனை அதைவிடக் கடுமையாக இருந்தது. “ஞாயித்துக்கெழமை ஒனக்கு லீவுதான? டப்பாவைத் தூக்கிட்டுப் போ. நீ மாத்துன சரக்க நீயே வித்துக் குடு.”

போனேன். பெரியகருப்பன் அண்ணனின் டிவிஎஸ் வண்டியில், பின்னால் என் நாலு பேரையும் கட்டிக்கொண்டு. ஊர் ஊராகச் சுற்றிய ஒரே பிரிட்டிஷ் குழு அதுவாகத்தான் இருக்கும். விருதுநகர் பஜாரில் ஒரு கடைக்காரர், “தீவாளி அன்னைக்கு இந்த மூஞ்சியில முழிக்கவா?” என்றார். இன்னொருவர் டப்பாவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். மல்லாங்கிணற்றில் ஒரு மளிகைக் கடைக்காரர் மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு இரண்டு பெட்டி இறக்கினார். இசை பற்றி அவரிடம் பேசலாமா என்று வாயெடுத்தேன். அண்ணாச்சியின் கேள்வி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். தீபாவளி வந்தது, போனது. அண்ணன் வீட்டில் ஒரு அறை நிறைய நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் வேறொரு கம்பெனிக்குச் சரம் பின்னப் போக ஆரம்பித்தார். போகும்போதும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

கார்த்திகையில் மல்லாங்கிணற்றுக் கடைக்காரர் அச்சகத்துக்கு போன் செய்தார். “தம்பி, அந்த உம்மணாமூஞ்சி டப்பா இன்னும் இருக்கா? இருக்கிற அம்புட்டையும் உடனே எடுத்துக்கிட்டு வாங்க. பெரிய வீட்டுக் கேதம்.”

நானும் அண்ணனும் ஒரு ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனோம். நிலபுலன் உள்ள பெரிய குடும்பம். எண்பது தாண்டிய பெரியவர், பேரன் பேத்தி எடுத்த நிறைந்த சாவு. மேளமும் வேட்டும் இல்லாமல் அப்படிப்பட்டவரை எங்கள் பக்கம் எடுக்க மாட்டார்கள். தீபாவளி முடிந்ததால் கடைகளில் மிச்சம் கிடந்தது எங்கள் சரம் மட்டும்தான். டப்பாக்களை இறக்கியதும் மூத்த மகன் ஒன்றை எடுத்துப் பார்த்தார். பந்தலில் இருந்த ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

“எங்கய்யாவும் இப்படித்தான். தீவாளிக்குக்கூடப் பல்லைக் காட்டுனதில்ல. மத்த டப்பாவெல்லாம் கேதத்துல ஈன்னு இளிச்சுக்கிட்டு நிக்கும், பாக்கவே கூசும். இவுகளைப் பாருங்க, கறுப்புக் கோட்டு போட்டு, சொந்தக்காரக கணக்கா எம்புட்டு மருவாதியா நிக்காக. தூக்குறதுக்கு நாலு பேரு வேணும். அதுவும் சரியா நாலு.”

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் கொட்டு, அதற்கும் முன்னால் சரம். டப்பாவைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டே போனார்கள். சுடுகாட்டுப் பாதை நெடுக, சாமந்திப் பூவுக்கும் வெடித்துச் சிதறிய தாளுக்கும் நடுவில், என் பாடகர் அண்ணாந்து பார்த்தபடி கிடந்தார். சிதறிய தாளைக் குனிந்து பார்த்தேன். அதிலும் ஆங்கில எழுத்து. எந்த நேர்காணலின் பிற்பாதியோ. அவர்கள் இங்கிலாந்தில் எத்தனையோ மேடை ஏறியிருக்கலாம். முகத்துக்கும் கூட்டத்துக்கும் இப்படிப் பொருத்தம் அமைந்திருக்காது.

அப்புறம் நடந்தது சிவகாசிக்கே தெரியும். தீபாவளி வருடத்துக்கு ஒரு நாள். சாவுக்குச் சீசன் கிடையாது. தை பிறப்பதற்குள் அண்ணன் வீட்டு அறை காலியாகி, அவர் கம்பெனி மறுபடி திறந்து, புது ஆர்டர் வந்தது. அண்ணாச்சியிடம் மறுஅச்சுக்கு அதே படத்தை நீட்டினேன். தலைகீழாகப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார். “மஞ்சளக் கொற” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அந்த ஒரு முறைதான். இரண்டே வருடத்தில் மற்ற கம்பெனிக்காரர்களும் காப்பியடித்தார்கள். ஒருவர் ஐந்தாவதாகத் தன் மச்சினனுக்கும் கறுப்புக் கோட்டு போட்டு நிறுத்தினார்.

அண்ணாச்சி எனக்கு மூன்று வருடம் முன்னாலேயே ஓய்வு பெற்று, விருதுநகரில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் இப்போது சிவகாசியில் ஒரு அறையும் இரண்டு கம்ப்யூட்டரும் வாடகைக்குப் பிடித்துச் சொந்தமாக லேபிள் செய்கிறேன். முதல் ஆர்டர் நேற்றுத்தான் வந்தது. கொண்டுவந்தவர் பெரியகருப்பன் அண்ணன்.

“முத்துலட்சுமிக்கு வைகாசியில கல்யாணம். நம்ம சரம்தான் போடணும். டப்பாவுல நம்ம நாலு பேரும் இருக்கணும்.”

“அண்ணே, கேத டப்பாவாச்சே...”

“அதைத்தான் சொல்ல வந்தேன். எங்க வீட்டு அடுப்பு எரிஞ்சது அவுகளால. எம் மக கல்யாணத்துக்கு அவுக இல்லாம எப்படி? ஆனா உம்முன்னு வந்து நின்னா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாக? கொஞ்சம் சிரிக்க வையி தம்பி. எனக்காக.”

அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி இது. சரி என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் இப்போது அவர்களின் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. ஒன்றில்கூடப் பல் இல்லை. பல் ஃபோல்டர் அச்சகத்தோடு போயிற்று. இருந்தாலும் அந்த நடிகர் பல் ஆகாது, பற்பசை ஆகிவிடும். கல்யாணத்துக்கு வந்துவிட்டு, வேறு வழியில்லாமல், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சிரிக்கிற ஒருவரின் பல் வேண்டும். அப்படிச் சிரிக்க வாய்ப்புள்ள ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பல் இருக்கிறதா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை.

நாளை ஞாயிற்றுக்கிழமை. கேமரா பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டேன். விருதுநகர் போய், அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்து, இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்று அனுபவக் கட்டுரை எழுதியிருக்கிறேன் என்று சொல்லி, இதை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டப் போகிறேன். ஒரு கையில் தாள், ஒரு கையில் கேமரா.